ஒரு வாய் இனிப்பு கேட்டேன்

அன்பான சகோதரர்களே, சகோதரிகளே,

மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண்ணைத் தேடி நான் ரயில் நிலையத்தில் நின்றேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மஞ்சள் புடவைகள்தான் இருந்தன. மஞ்சள் வேட்டிகள், மஞ்சள் சட்டைகள், மஞ்சள் பாவாடை கட்டிய சிறுமிகள். அந்தக் கூட்டத்துக்குள் என் மனைவி செல்வி போய்விட்டாள். அவள் கையில் போன் இல்லை. காலையில் இன்சுலின் ஊசி போட்டிருந்தாள். அதன்பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. பிஸ்கட்டும் குளுக்கோஸும் இருந்த பை என் தோளில் தொங்கியது. இது நடந்தது நம் ஊரில் அல்ல. கோலாலம்பூரில், போன வருடம் தைப்பூசத்தன்று.

நான் மட்டாஞ்சேரியில், கப்பலண்டிமுக்கில் குடியிருக்கிறவன். ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. இந்தச் சாட்சியைக்கூட எழுதித் தருகிறேனே தவிர, எழுந்து நின்று சொல்ல என்னால் ஆகாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஜெனி காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "ஒரு தடவையாவது வெளிநாடு பாருங்கப்பா" என்று அவள்தான் பிடிவாதம் பிடித்துக் கூட்டிப்போனாள். என்னோடு மூட்டை தூக்கும் சேவியரும் அவன் மனைவி லிசியும் கூட வந்தார்கள். அவர்கள் மலையாளிகள், பக்கத்துச் சுள்ளிக்கல்காரர்கள். நம் செபக் கூட்டத்தோடு ஒவ்வொரு வருடமும் வேளாங்கண்ணிக்கு வருகிறவர்கள்.

வேளாங்கண்ணிக்குப் போகும்போது நாம் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்துவோம் அல்லவா, கூட்டத்தில் யாரும் தவறிவிடக் கூடாது என்று? அதே யோசனையை லிசி கோலாலம்பூருக்கும் கொண்டுவந்தாள். ஒரே துணிக்கடையில் எல்லோருக்கும் மஞ்சள் எடுத்தாள்.

"ஸ்கூல் டூர் மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்றாள் ஜெனி.

"நீ தொலைஞ்சு போனா அப்ப அறியும் மோளே, இந்த மஞ்சளோட வெல" என்றாள் லிசி.

தைப்பூசம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஜெனிக்கு லீவு கிடைத்த நாளில் புறப்பட்டோம், அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் சந்தோஷமாகப் போனது. இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. வீடுகளின் தலைக்கு மேலே ஓடுகிற ரயிலில் ஏறினோம். தமிழில் எழுதிய பெயர்ப் பலகையை எங்கே கண்டாலும் செல்வி நின்று வாசித்தாள். ஏதோ புதுப் பெயர் சொல்லிச் சாயாவை உயர்த்திப் பிடித்து ஆற்றித் தந்தார்கள். "இது நம்மட சாயா தன்னே, இவன்மார் பேரை மாத்தி விக்குறாங்க" என்று சேவியர் கடைக்காரர் காதுபடவே சொன்னான். செல்வி அன்று சிரித்ததுபோல் சிரித்து நான் வெகு காலமாகப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் பழைய சந்தையைப் பார்க்கப் போவதாக இருந்தது. செல்வி வெளி ஆட்கள் முன்னால் ஊசி போடக் கூச்சப்படுவாள். அதனால் அறையிலேயே போட்டுக்கொண்டாள். நிலையத்துப் பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிடலாம் என்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் கடை மூடிக் கிடந்தது. "ரெண்டு ஸ்டேஷன்தான், அங்க போய் சாப்பிட்டுக்கலாம்" என்று செல்வியே சொன்னாள். பையிலிருந்த பிஸ்கட்டை அப்போதே கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

நிலையத்துக்குள் இறங்கினோம். பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகிற ஜனம் அலையாக நின்றது. அத்தனை பேரும் மஞ்சள். ரயில் வந்து கதவு திறந்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள். "வேணாம், அடுத்ததுல போகலாம்" என்று ஜெனி எங்களைப் பின்னால் இழுத்தாள். செல்வி முன்னால் நின்றிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. லிசியின் முதுகு என்று நினைத்து யாரோ ஒருத்தியின் மஞ்சள் முதுகுக்குப் பின்னால் ஏறிவிட்டாள். கதவு மூடியது. கண்ணாடிக்கு உள்ளே திரும்பி எங்களைத் தேடிய அவள் முகத்தை நான் பார்த்தேன். ரயில் போய்விட்டது.

ஜெனி நிலையத்து அதிகாரிகளிடம் ஓடினாள். செல்வி திரும்பி வந்தால் பார்ப்பதற்கு லிசி அங்கேயே நின்றாள். நானும் சேவியரும் அடுத்த ரயிலில் ஏறினோம். வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கதவில் அவனும் ஒரு கதவில் நானும் தலையை நீட்டிப் பார்த்தோம். இறங்குகிறவர்களைவிட ஏறுகிறவர்கள்தான் அதிகம். இந்த நெருக்கத்தில் அவளும் இறங்க முடியாமல் கோயில்வரை போயிருப்பாள் என்று நினைத்தோம். சர்க்கரை இறங்கினால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை வீட்டில் அடுப்படியில் விழுந்திருக்கிறாள். பேச்சு குழறும், ஆளைத் தெரியாது. இங்கே விழுந்தால் பக்தி முற்றி விழுந்தாள் என்றல்லவா நினைப்பார்கள்?

கம்பியைப் பிடித்துக்கொண்டு செபித்தேன். பெரிய செபம் எதுவும் வாயில் வரவில்லை. மனப்பாடமான அருள் நிறைந்த மரியேகூடப் பாதியில் நின்றது. "ஆண்டவரே, நான் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் வாயில் ஒரு வாய் இனிப்பு போடும்" என்றுதான் கேட்டேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அழுதேன். பக்கத்தில் நின்றவர் என்னை முருக பக்தன் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"பேடிக்க வேண்டா சேட்டா, சேச்சி கிட்டும்" என்று சேவியர் தைரியம் சொன்னான், பயப்படாதே, அக்கா கிடைத்துவிடுவாள் என்று.

பத்துமலையில் இறங்கினால் காவடியும் மேளமும் பால்குடமும். கால் வைக்க இடமில்லை. ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பு செய்துகொண்டிருந்த ஒரு கூடாரத்தைக் கண்டு உள்ளே நுழைந்தோம். இளைஞர் ஒருவர் விவரம் கேட்டார்.

"மஞ்சப் புடவைன்னு சொன்னா எப்படிண்ணே? இங்க எல்லாமே மஞ்சதான் லா" என்றார். பிறகு மைக்கை என் கையில் வைத்தார். "நீங்களே கூப்பிடுங்க. உங்க குரலு கேட்டா அவங்களுக்குத் தெரியும்ல?"

கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. "இந்தா", "ஏ பிள்ளை", அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு, "செல்வி" என்றேன். மலை முழுக்க அந்தப் பெயர் கேட்டது. "செல்வி, கூடாரத்துக்கு வா."

மூன்று செல்விகள் வந்தார்கள். மூவரும் மஞ்சள். ஒருத்தி என்னைப் பார்த்து, "யாருண்ணே நீங்க?" என்று அதட்டினாள். அவளுடைய வீட்டுக்காரர் பின்னாலேயே முறைத்துக்கொண்டு வந்தார். சேவியர் கும்பிட்டு அனுப்பிவைத்தான்.

திரும்ப மைக்கைப் பிடித்தேன். "மட்டாஞ்சேரி செல்வி. கப்பலண்டிமுக்கு செல்வி. ஜெனியோட அம்மா. நான்தான் பேசுறேன்" என்றேன்.

சற்று நேரத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் அம்மா மூச்சு வாங்க வந்தார். "ஜெனி அப்பா யாரு? உங்க சம்சாரம் எங்க பந்தல்லதான் உட்கார்ந்திருக்காங்க. வாங்க, வாங்க."

ஓடினோம். தண்ணீர்ப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு பெண் அட்டையால் விசிறினாள். செல்வி என்னைத் தெரிந்துகொண்டாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"ஊரே கேக்குற மாதிரி எம்பேர ஏலம் போட்டுட்டீங்களே" என்றாள். "மொதல்ல யாரோ ஒரு செல்வின்னுதான் நெனச்சேன். நீங்க எப்ப எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க?"

முதலுதவிக் கூடாரத்தில் விரலில் குத்திப் பார்த்து, இனிப் பயமில்லை என்றார்கள். அதன்பிறகுதான் நடந்ததைச் சொன்னாள். கூட்டம் நெருக்கியதில் நடுவில் இறங்க முடியாமல் பத்துமலைவரை வந்திருக்கிறாள். ரயிலை விட்டு இறங்கும்போதே கை நடுங்கியிருக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் ரோஸ் சிரப் கலந்த பாலை ஒரு டம்ளர் கையில் திணித்திருக்கிறார். குடித்ததும் இன்னொரு டம்ளர். இனிப்பைத் தொட்டு வருடக்கணக்காகிறது என்பதால் செல்வி தயங்கினாளாம். "முருகன் தர்றாருன்னு குடிம்மா" என்று அதட்டிக் குடிக்க வைத்தாராம்.

நான் ரயிலில் கம்பியைப் பிடித்து அழுதுகொண்டிருந்த நேரம் அது. கேட்டது கேட்டபடியே கிடைத்தது. கேட்டது ஒரு வாய், கொடுத்தது இரண்டு டம்ளர். ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை.

அன்று மாலை ஜெனி அம்மாவின் மடியைவிட்டு எழவில்லை. மறுநாள் பழைய சந்தைக்குப் போனோம். ஆளுக்கொரு நிறம் உடுத்தியிருந்தோம். செல்வி ஒவ்வொரு கடையிலும் நின்றாள், நான் அவசரப்படுத்தவில்லை.

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது நம் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "அது கோயில் பந்தல்ல கொடுத்ததாச்சே?" என்று. அதற்குப் பதிலை யோசித்து இப்போது எழுதுகிறேன். நான் இனிப்பு கேட்டேன். யார் கையால் என்று கேட்கவில்லை. அதை ஆண்டவர் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன். தினமும் அவருக்காகச் செபிக்கிறேன். நீங்களும் ஒருமுறை செபியுங்கள். உங்களுக்கு இக்கட்டு வரும் நாளில், செபிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். தேவை எதுவோ அதை அப்படியே சொல்லுங்கள். ஆண்டவருக்குப் புரியும்.