பூஜைக்குக் கழுவிய தொட்டி

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு விஜயதசமி. காரைக்குடியிலிருந்து புதுவயல் போகிற வழியில் ஒரு தொழிற்சாலையில் உலோகவியல் இன்ஜினீயராக இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அரிசி ஆலைகளுக்கான பல்சக்கரங்கள் செய்கிறோம். அவற்றை உலையில் செக்கச்செவேலென்று காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கிக் கடினமாக்குவது என் பிரிவின் வேலை. வீட்டில் என்னை இரும்பு வறுக்கிறவன் என்று கேலி செய்வார்கள். கேலி சரிதான், வாணலிதான் கொஞ்சம் பெரிசு.

உலையைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் என்னைவிட மூத்தவர். அவரை நான் அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். பேச்சில் எப்போதும் நக்கல். ஆயுத பூஜை வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். வேறு யாரையும் கிட்டே விடாமல், உலையையும் தொட்டியையும் தானே கழுவித் துடைத்துச் சந்தனம் வைப்பார். அந்த வருடப் பூஜையன்று நான் ஒக்கூரில் மாமனார் வீட்டில் இருந்தேன்.

பூஜை போட்ட உலையில் விஜயதசமியன்று ஒரு கூடைச் சரக்காவது எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். காலையிலேயே உலை சூடாகிவிட்டது. பழுக்கக் காய்ந்த சக்கரங்கள் இருந்த கூடையை அவர் தொட்டிக்குள் இறக்கினார். பாதிகூட முங்கியிருக்காது, அடியிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பிடித்தது.

அவர் ஓடியிருக்கலாம். கூடை பாதியில் நின்றால் தீ கூரைவரை ஏறும் என்று அவருக்குத் தெரியும். "அங்குட்டு ஓடுங்க சார்!" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே, கூடை முழுசாக முங்கும்வரை அதை இறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார். நாங்கள் தீயை அணைத்தபோது அவருடைய இரண்டு கைகளும் மார்பும் வெந்து போயிருந்தன.

அவரை மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, எண்ணெய் ஆறியதும் தொட்டியின் அடிவால்வைத் திறந்தேன். முதலில் தண்ணீர்தான் வந்தது. எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் தங்கினால், பழுத்த இரும்பு பட்டதும் ஆவியாகி எண்ணெயை வெளியே தூக்கி எறியும். எப்படி வந்தது என்று விசாரித்தேன். பூஜைக்காக அவர் மூடியைத் திறந்து வைத்து, விளிம்பெல்லாம் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவினாராம். கொஞ்சம் உள்ளே வழிந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வருசா வருசம் அந்த உலைக்குக் குறையில்லாமச் செஞ்சாக சார். அந்தச் சாமிதான் உசுரை மட்டும் விட்டு வச்சிருக்கு."

அந்த அம்மா டீ வாங்கப் போனதும் ஆபரேட்டர் கண்ணைத் திறந்தார். "தண்ணிதான சார்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமாண்ணே" என்றேன்.

கட்டுப் போட்டிருந்த தன் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அவகிட்டச் சொல்லீராதீக. அப்பறம் அவ எதைப் போயிக் கும்புடுவா?" என்றார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன, உலை வேலைக்கு அவர் திரும்பவே இல்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டேன். பூஜைக்கு முன்பே தொட்டியை மூடிப் பூட்டிவிடுகிறோம், அந்தப் பக்கம் ஈரத் துணிகூடப் போகாது. அவர் மனைவியிடம் மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த அம்மா பொரி கடலையோடு வந்துவிடுகிறார். உலைக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கிறார். பிறகு என்னிடம், "தொட்டியெல்லாம் நல்லாக் கழுவி விட்டீகளா சார்?" என்று கேட்கிறார். கழுவியாச்சும்மா என்கிறேன். இரும்பு ஏன் உடைந்தது என்று யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வதுதான் என் தொழில். அந்த அம்மா முகத்தைப் பார்த்து இதை மட்டும் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, வரவும் வேண்டாம்.