ஜெகனும் நாற்காலியும்

என் தம்பி ஜெகன் ஒரு வேளைச் சோற்றை ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. முதல் கவளம் மேசையில், இரண்டாவது பால்கனியில். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்து லிஃப்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவான். லிஃப்டில் யாரும் வரப்போவதில்லை. வயது நாற்பத்து நாலு, காதோரம் நரைத்தாயிற்று. "இருந்து தின்னுலே" என்று நான் அதட்டினால், "இருந்துகிட்டுதானக்கா இருக்கேன்" என்பான், நின்றுகொண்டே.

நான் ரோஹிணி, அவனுக்கு ஆறு வயது மூத்தவள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். ஒரே மாதிரி நாற்காலியில் இருபத்தேழு வருஷம் ஓட்டியவள். அதனாலோ என்னவோ, ஓரிடத்தில் உட்கார மாட்டாதவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நாங்கள் வளர்ந்தது டில்லி கிட்வாய் நகர் பழைய குவார்ட்டர்ஸில். அப்பா திருநெல்வேலியிலிருந்து கிளார்க்காக வந்தவர். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை எங்கள் வீட்டில் படிப்பு நேரம். பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாலும் எட்டு மணிக்குப் பிறகுதான் எழுந்து போய்ப் பார்க்கலாம். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பது அவருக்கு வேதவாக்கு. தினம் ஒரு தடவையாவது அது காதில் விழும். ஜெகனுக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் கணக்குப்படி ஏற்கெனவே மூன்று வருஷம் லேட்.

அவன் படித்த பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றது. பிறகு மருந்துக் கம்பெனி, டிராவல்ஸ், ஏர்கூலர் ரிப்பேர், இன்சூரன்ஸ், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. எதிலும் ஒரு தீபாவளிக்கு மேல் நிலைக்கவில்லை. முப்பத்தாறு வயதில்தான், வங்கியில் கடன் கேட்பவர்களின் விலாசம் சரியா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதும் வேலை கிடைத்தது. காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் டில்லியின் வடகோடி நரேலாவிலிருந்து தென்கோடி பதர்பூர் வரை. ஒரு நாளைக்கு முப்பது வீடு. எந்த வீட்டிலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டாம். எட்டு வருஷமாக அதே வேலையில் இருக்கிறான், ஒரு புகார் கிடையாது. "ஊர் சுத்துததுக்குச் சம்பளமாலே?" என்று கேட்டவள் நான்தான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவர் கேட்க வேண்டியதையும் சேர்த்து நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் மகள் ஷ்ரேயா. மயூர் விஹாரில் வீடு, அங்கேயே பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு. போன ஆகஸ்டில் பள்ளியிலிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. பாடம் நடக்கும்போது பிள்ளை ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறாள். மனநல நிபுணரிடம் காட்டி மாதக் கடைசிக்குள் ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும். ஜெகனின் மனைவி ஜலஜா நொய்டாவில் வேலை பார்ப்பவள். லீவு போட்டுவிட்டுப் போய்ப் பிரின்ஸிபலைப் பார்த்தாள். அந்த அம்மாள் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறாள். டெஸ்ட் எடுத்து, பிள்ளைக்கு உட்காருவது நிஜமாகவே கஷ்டம் என்று ரிப்போர்ட் வந்தால் வகுப்பில் நடுநடுவே எழுந்து நடக்க விடுவோம், பரீட்சையில் கூடுதல் நேரம் தருவோம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இது வெறும் அடங்காமை. அடுத்த புகாரில் டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டில் பட்டிமன்றம்.

"இது உங்க வீட்டு ரத்தம் மதினி" என்றாள் ஜலஜா. "எங்க வீட்டுல எல்லாரும் ஒழுங்கா உக்காருவாங்க. தாயைப் போல பிள்ளைன்னு சும்மா சொன்னாங்க, இது அப்படியே அப்பனைப் போல பிள்ளை."

"ரத்தமாவது ஒண்ணாவது. கையில போனக் குடுத்து வளத்தா பிள்ள எப்பிடி இருக்கும்? எல்லாம் வளர்ப்புதான்."

"அப்போ இவரை யாரு போனக் குடுத்து வளத்தா?"

ஜெகன் டி.வி.க்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான். "வளரவளரச் சரியாப் போவும்" என்றான். இரண்டு பேரும் அவனை ஏற இறங்கப் பார்த்தோம்.

பிரின்ஸிபல் சொன்னதில் எங்கள் மூன்று பேர் மண்டையிலும் ஏறியது ஒரே ஒரு சொல், டெஸ்ட். டெஸ்ட் என்றால் பாஸ் செய்ய வேண்டும். இரண்டு தலைமுறையாக டெஸ்ட் எழுதியே டில்லியில் குவார்ட்டர்ஸ் வாங்கிய குடும்பம், வேறு எப்படி யோசிக்கும்? பக்கத்து பிளாக்கில் ஒரு பையனுக்கு இதே மாதிரி டெஸ்ட் எடுத்திருந்தார்கள். ஜெகன் அந்தப் பையனின் அப்பாவைப் பிடித்து, என்ன கேட்பார்கள், எப்படிக் கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தான். எண்களைத் தலைகீழாகச் சொல்வது, கட்டைகளைப் படத்தில் உள்ளதுபோல அடுக்குவது, திரையில் நட்சத்திரம் வந்தால் மட்டும் பட்டனை அமுக்குவது. நான் அதை அலுவலகக் கம்ப்யூட்டரில் அட்டவணையாக அடித்து, தேதிவாரியாகப் பிரித்து, இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். பெருமையாக வேறு இருந்தது.

பன்னிரண்டு நாள் கோச்சிங். ஷ்ரேயா டெஸ்டைப் பிரமாதமாகச் செய்தாள். கவனம் வயதுக்கு மேல், ஞாபகம் வயதுக்கு மேல், குறைபாடு எதுவும் தெரியவில்லை. 'பள்ளி சொல்வதோடு இது பொருந்தவில்லை' என்று டாக்டர் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். அதை யார் படித்தார்கள்? ஜிலேபி வாங்கிச் சாப்பிட்டோம்.

பிரின்ஸிபல் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஜலஜாவிடம் சிரித்தாளாம். "சந்தோஷம். அப்படியென்றால் இவளால் உட்கார முடியும். உட்கார மாட்டேன் என்கிறாள்." கடைசி எச்சரிக்கையில் பெற்றவர்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து ஷ்ரேயாவுக்கு முன்வரிசையில் தனி மேசை. ஒரு தடவை எழுந்தால் அன்று விளையாட்டு பீரியட் கிடையாது. நாலு நாளில் பிள்ளை டிபன் டப்பாவைத் திறக்காமல் அப்படியே கொண்டுவர ஆரம்பித்தாள்.

ஐந்தாம் நாள் ஜெகன் என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் மூன்று சுற்று நடந்தான்.

"அக்கா, நான் டாக்டர்ட்ட போயி உண்மையச் சொல்லப்போறேன்."

"கிறுக்காலே ஒனக்கு? டெஸ்ட்ல ஏமாத்துனோம்னு நாமளே போயிச் சொல்லவா? மானம் போயிரும்."

"போட்டும். அவளுக்கு எட்டு வயசுக்கா. எனக்கேத்த பொழப்பு எனக்கு முப்பத்தாறுலதான் கெடச்சுது. அது வரைக்கும் அவளயும் அடி வாங்கச் சொல்லுதியா?"

அவன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த முப்பத்தாறு வருஷத்தை ஒரு நஷ்டம் என்று அவன் நினைத்திருக்கிறான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வெட்டியாகச் சுற்றியவன், கவலையில்லாதவன் என்று நான் அவனைப் பற்றி முடிவு கட்டி வெகுகாலம் ஆயிற்று.

டாக்டர் கபூர் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ஷ்ரேயாவை வெளியே ரிசப்ஷன் பெண்ணிடம் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். ஜெகன் இந்தியில் ஒன்று விடாமல் சொன்னான். என் அட்டவணையையும் மேசையில் வைத்தான். அவர் அதைப் புரட்டிப் பார்த்த பார்வையில் எனக்குக் காது சுட்டது.

"இந்தப் பரீட்சையை இனி ஒரு வருஷத்துக்கு இவளுக்கு வைக்க முடியாது, தெரியுமா?" என்றார். ஜலஜா அழ ஆரம்பித்தாள். டாக்டர் அவளிடம் ஒரு டிஷ்யூவைத் தள்ளிவிட்டு ஜெகனைப் பார்த்தார். "பன்னிரண்டு நாள் எப்படி உட்கார வைத்தீர்கள்?"

"உட்கார வைக்கலை மேடம். எங்க பிளாக்ல நாலு மாடி. ஏறி இறங்கிக்கிட்டே சொல்லிக்கொடுத்தேன். ஒரு படிக்கு ஒரு எண். டெஸ்ட் அன்னிக்கு மட்டும் உட்காருன்னு சொன்னேன். உக்காந்துட்டு, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் எரிஞ்சு விழுந்தா."

டாக்டர் பேனாவை எடுத்தார். எத்தனை மாடி, எவ்வளவு நேரம், எந்த மாடியில் தப்பு செய்தாள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அப்புறம், "நீங்கள் எட்டு வயதில் எப்படி?" என்றார்.

"அக்காவத்தான் கேக்கணும்" என்றான் ஜெகன். அதற்குள் எழுந்து ஜன்னலோரம் போயிருந்தான்.

"துறுதுறுவென்று இருப்பான். சேட்டைக்காரன்" என்றேன்.

"அதற்கு வீட்டில் என்ன செய்தீர்கள்?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எத்தனை முறை துடைத்தாலும் கேள்வி அங்கேயேதான் இருந்தது. சொன்னேன். அப்பாவின் துண்டால் அவனை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டுவோம். ஆறிலிருந்து எட்டு வரை. அப்பா கட்டினால் அவிழ்த்துவிடுவான் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. எனக்குப் பதினாலு வயது. அவன் அவிழ்த்துக்கொண்டால் எனக்கு அடி விழும். அதனால் நன்றாக இறுக்கித்தான் கட்டுவேன். ஒரு நாள் அவன் நாற்காலியிலேயே மூத்திரம் போய்விட்டான். அதற்கும் எட்டு மணி ஆகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா கட்டுனா அவுக்கவே முடியாது மேடம்" என்று ஜன்னலிலிருந்து சிரித்தான் ஜெகன். அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஜலஜா என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்தும் அவளுக்கு இது தெரியாது.

"அப்போ இது இவர் ரத்தமா, இல்லே வளர்த்த விதமா மேடம்?" என்று கேட்டாள்.

டாக்டர் மேசையில் ஆறிக்கிடந்த டீயைக் காட்டினார். "இதிலே பால் வேறு, தண்ணீர் வேறாக எடுத்துக்கொடுங்கள், நான் பதில் சொல்கிறேன். நாற்பது வருஷமாக எங்கள் ஆட்களும் இதைத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்பா பக்கத்திலிருந்தும் யாராவது ஒரு வார்த்தை பேச வேண்டாமா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று எங்களில் சொல்வார்கள் என்று இந்தியில் விளக்கினேன்.

"சரி. வளைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றார். கிண்டலாகக் கேட்டதாகத் தெரியவில்லை. பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தார். நான் யோசித்தேன். நாற்காலியில் உட்கார வைப்பேன். அப்புறம்? அப்புறம் என்ன என்பதை எங்கள் வீட்டில் யாருமே யோசித்ததில்லை.

கடைசியில் டாக்டர் வழி சொன்னார். பழைய ரிப்போர்ட்டை அவரே ரத்து செய்து பள்ளிக்குக் கடிதம் எழுதுவார். செவ்வாய்க்கிழமை வகுப்பிலேயே போய் உட்கார்ந்து ஷ்ரேயாவைப் பார்ப்பார். அதுவரை டி.சி. பேச்சை எடுக்கக் கூடாது என்று பிரின்ஸிபலிடம் போனில் சொல்வார். புது ரிப்போர்ட்டில் ஷ்ரேயாவின் அப்பா கதையும் வரும். ஜெகன் தன் பெயரிலும் ஒரு ஃபைல் திறக்க வேண்டும். சிறு வயதில் அவன் எப்படி இருந்தான், வீட்டில் என்ன நடந்தது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"போடுங்க" என்றான் ஜெகன், நான் தயங்குவதற்குள். "என் பேரையே போடுங்க."

நான் அங்கேயே உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வாழ்நாளெல்லாம் ஆபீஸ் ஃபைலில் நோட்டிங் எழுதிய கை, கட்டினேன் என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டது. 'கட்டப்பட்டான்' என்று எழுதலாமா என்று ஒரு நொடி பார்த்தேன். பிறகு 'நான் கட்டினேன்' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் இருவரையும் டாக்டரிடம் விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஷ்ரேயா ரிசப்ஷனில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியிருந்தாள். நெற்றியில் வேர்வை. நாங்கள் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"பஹுத் அச்சி பச்சி ஹை" என்றாள் ரிசப்ஷன் பெண். "ஹிலீ தக் நஹீ." ரொம்ப நல்ல பிள்ளையாம், அசையக்கூட இல்லையாம்.

"அத்தை, நான் ஹிலவே இல்ல" என்றாள் ஷ்ரேயா, உதடு மட்டும் அசைய. "பாஸ் ஆயிட்டேனா?"

"டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுட்டும்மா. எந்திரி" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. இதுவும் ஒரு கேள்விதானோ என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.