பூவைக் கிள்ளிய மனிதர்

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில், கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டும்போது கழுத்தில் ஏதோ தட்டுப்பட்டது. கடலை அளவில் ஒரு கட்டி. நோகவில்லை. நோகாத கட்டியை யார் பெரிதாக எடுக்கிறார்கள்? பனி கரைந்து கோட்டைக் கழற்றிய பிறகுதான் வைத்தியரிடம் போனேன்.

பயொப்சி (கட்டியில் சிறு துண்டை வெட்டிச் சோதிப்பது) செய்தார்கள். லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்) என்றார்கள். வைத்தியர் ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். குணமாக்கலாம், ஆனால் கீமோதெரபியை (புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) இடையில் விடாமல் முடிக்க வேண்டும் என்றார்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இந்தச் சிகிச்சை இப்போதுதான் தொடங்கியிருந்தால், உங்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். தலைமயிர் கொட்டியது எனக்குப் பெரிய துக்கமில்லை. சாப்பாடுதான் துக்கம். சோறு வேகிற மணத்துக்கே ஓங்காளித்தேன். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. அவர்கள் தந்த வாந்தி மருந்து எதுவும் எனக்குக் கேட்கவில்லை. எடை இன்னும் இறங்கினால் சிகிச்சையை நிறுத்த வேண்டிவரும் என்று வைத்தியர் கவலையோடு சொன்னபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

நாங்கள் அகதிகளாக வந்து குடியேறிய டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியதும் என் கணவரிடம் சொன்னேன்.

“எனக்கு இனிப் போதும்.”

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உமக்குப் போதும். எனக்குக் காணாது,” என்றார்.

அவர் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்த டக் என்ற வெள்ளைக்காரரிடம் என் கதையைச் சொல்லியிருக்கிறார். டக்கின் தம்பிக்கும் இதே சிகிச்சை நடந்ததாம். ஒரு செடிதான் அவருடைய வாந்தியை நிறுத்தியதாம். கொஞ்ச நாளில் என் கணவர் கோட்டுக்குள் ஒரு கோப்பி டின்னை ஒளித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். டின்னுக்குள் ஒரு சிறு கஞ்சாக் கன்று.

அந்த நாளில் அது சட்டப்படி குற்றம். எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. பொலிஸ் ஒருமுறை கதவைத் தட்டினால் எல்லாம் முடிந்துவிடும். அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்போல அவர் நடந்துகொண்டார்.

அது கலப்பினம் என்று டக் சொன்னதை, ஏதோ கலியாணப் பேச்சுப்போல எனக்கு விளக்கினார். ஒரு பக்கத்து முன்னோர் வெப்ப நாட்டுச் செடி: நெட்டை, ஒல்லி, பூக்க நாளெடுக்கும். மறு பக்கம் மலைநாட்டுக் குட்டை: அடர்த்தி, கெதியாகப் பூக்கும். இரண்டையும் சேர்த்ததால் அலுமாரிக்குள் அடங்கும் உயரமும் நல்ல வீரியமும். விதை போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு சாயலில் வரும், தாயைப்போலவே வேண்டுமென்றால் கிளை வெட்டித்தான் வேர்விடச் செய்ய வேண்டும். நாங்களும் அப்படித்தானே என்றேன். அவர் யாழ்ப்பாணத்துக் குட்டை, நான் மட்டக்களப்பு நெட்டை. அன்று நெடுநாளுக்குப் பிறகு சிரித்தோம்.

கோட்டு அலுமாரி காலியானது. உள்ளே வெள்ளித்தாள் ஒட்டி, ரியூப் லைட் பூட்டி, பாதி நாள் வெளிச்சம், பாதி நாள் இருட்டு என்று வளர்த்தார். செடி வளர வளர மணம் எழும்பியது. சாம்பிராணி போட்டு அதை மறைத்தார். கட்டடத்தைப் பார்க்கிற ஆள் எங்களை நல்ல பக்தியுள்ள குடும்பம் என்று நினைத்திருப்பார்.

இலைகள் தளதளவென்று வந்தன. அவற்றைக் காயவைத்து நெய்யில் காய்ச்சித் தந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போல வாந்திதான்.

ஒருநாள் டக் பார்க்க வந்தார். அலுமாரியைத் திறந்தவர் இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். பூ எங்கே என்று கேட்டார். வர வரக் கிள்ளிவிட்டேன் என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார். அவர் புகையிலைத் தோட்டக்காரரின் மகன். புகையிலையில் பூ வந்ததும் தலையைக் கிள்ளிவிடுவார்கள். அப்போதுதான் இலை தடிக்கும். கையில் ஊறிய பழக்கம். டக் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்தச் செடியில் சாரமெல்லாம் பூவில்தானாம். நாங்கள் மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டு உறையைத் தின்றிருக்கிறோம்.

டக் போன பிறகு என் கணவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. கோபித்துக்கொள்ள எனக்குப் பலமும் இல்லை, மனமும் இல்லை.

“பக்கக் கிளையிலை திரும்பப் பூக்குமாம்,” என்றார். “பூ வருமட்டும் பொறும்.”

ஓம் என்றேன். அவருக்காகத்தான் சொன்னேன். அந்தக் காத்திருப்பில் இரண்டு முறை மருந்து ஏற்றினார்கள். எடை இன்னும் இறங்கியது. இன்னொரு தடவை பார்ப்போம் என்றார் வைத்தியர்.

பூ வந்தது. நெய் காய்ச்சி, எனக்குத் தருமுன் தானே தின்று பார்த்தார். அன்று மாலை தொலைக்காட்சியில் காலநிலை அறிக்கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். நஞ்சில்லை என்று முடிவானது.

அடுத்த மருந்து நாளில் அந்த நெய்யைப் பாண் துண்டில் தடவி எனக்கும் தந்தார். முதலில் வாய் வறண்டது. பிறகு நேரம் மெதுவானது. சுவர்க் கடிகாரத்தின் முள் அடுத்த கோட்டுக்குப் போக யோசிப்பதாகப் பட்டது. கொஞ்சம் பயந்தேன். அப்புறம் வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. ஓங்காளம் என்று நினைத்துக் கிண்ணத்தைத் தேடினேன். அது ஓங்காளமில்லை. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் எடுத்தது.

“பசிக்குது,” என்றேன்.

அவர் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அவருக்குச் சமைக்கத் தெரிந்தது பருப்பு மட்டும். குழையவிட்ட சோறும் பருப்பும் ஒரு கோப்பை தின்றேன். நின்றது. அவர் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எனக்குக் கேட்டது.

வைத்தியரிடம் மறைக்கவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். உங்களையும் கஞ்சா வளர்க்கச் சொல்லி இதை நான் எழுதவில்லை. எனக்குக் கேட்ட மருந்து உங்களுக்குக் கேட்குமோ தெரியாது. எதை எடுத்தாலும் வைத்தியருக்குச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சையை முழுதாக முடித்தேன். முடிந்த கிழமையே அவர் செடியை வெட்டி எறிந்தார். கோட்டுகள் அலுமாரிக்குத் திரும்பின.

இந்த உடம்பு முன்புபோல இல்லை. கெதியில் களைக்கிறது, விரல் நுனிகள் மரத்தே கிடக்கின்றன. முன்பெல்லாம் மாதங்களையும் வருடங்களையும் பற்றித் திட்டம் போடுவேன். இப்போது என் காலம் ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாடு வரைதான், அதுவே எனக்குத் தாராளம். பசித்தாலும் உடனே எழும்புவதில்லை. சோறு ஆறுகிறது என்று அவர் உள்ளேயிருந்து சத்தம் போடுவார். இன்னும் கொஞ்சம் பசிக்கட்டும் என்று இருப்பேன்.