கிழக்கு வரிசையில் ஆதம்பாவா ஹாஜியார்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தபோது நான் எங்கள் ஊர் மயானத்தின் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடைக்காற்று தொடங்கி, கடல் கறுத்துப் போயிருந்தது. 'இன்னாலில்லாஹி' என்று குரல் எழுந்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்தது. ஆதம்பாவா ஹாஜியார் என்ற பெயரைக் கேட்டதும் பக்கத்திலிருந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் அவர் கொண்டுவந்து போட்ட கல்தான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு ஊர்கள் எங்களுடையவை. தெற்கே முஸ்லிம்களின் ஊர், வடக்கே இந்துக்களான எங்களுடையது. இறந்தவர்களை, அவர்கள் பேச்சில் மையத்துகளை, அடக்கும் அவர்களின் மையவாடியும் எங்கள் மயானமும் ஒட்டினாற்போல் இருக்கின்றன, நடுவில் ஒரு கம்பி வேலி. ஹாஜியார் அவர்களுடைய பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர்களில் ஒருவர், சந்தையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர். நான் எங்கள் மயானக் குழுவின் செயலாளர். கடல் உள்ளே வராமல் இருந்திருந்தால், வழியில் கண்டால் தலையாட்டிவிட்டுப் போகும் பழக்கத்தோடு எங்கள் உறவு முடிந்திருக்கும்.

கடல் ஏன் வருகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு அந்த அறிவு இல்லை. முதலில் அடம்பன் கொடிகள் போயின, பிறகு தென்னைகள் விழுந்தன. அவர்களுடைய ஊரார் ஒன்றுசேர்ந்து மையவாடிக்கு முன்னால் போட மலைக்கல் வாங்கினார்கள். மையவாடிக்கு மட்டும் போதுமான கல். அது வந்து சேருமுன் ஹாஜியார் தெற்கே போய், ஏற்கெனவே கல் போட்டிருந்த ஒரு கரையைப் பார்த்தார். திரும்பி வந்த கையோடு வேலியைத் தாண்டி என்னிடம் வந்தார்.

“தம்பி, கல்லுப் போட்ட இடம் நல்லாத்தான் இரிக்கி. கல்லு முடியிற இடத்துக்கு வடக்காலதான் கடல் கொத்தி எடுத்திரிக்கி. எங்கட பக்கம் மட்டும் போட்டா, உங்கட சனத்தைத் தோண்டி எடுத்தது நாங்க எண்டுதான் வரும்.”

பிறகு, எங்கள் மயானத்தில் கரையோரமாக இருந்த ஒரு கல்லறைக் கல்லைக் காட்டினார். “இது ஆரு?”

“எங்கட அம்மா. சுனாமியில போனவ. கடல் எடுத்துப்போட்டுத் திருப்பித் தந்த உடம்பு, ஹாஜியார்.”

“ஒருக்கா எடுத்தது காணாதா இதுக்கு?” என்று கடலைப் பார்த்து ஏசிவிட்டுப் போனார்.

அவருடைய கோபம் ஊரறிந்தது. கல் லொறிகள் வந்த அன்று அதை இரண்டு ஊரும் சேர்ந்து பார்த்தன. இருக்கிற கல்லைப் பாதி உயரத்தில், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும், அதுவும் எங்கள் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று லொறிக்கு முன்னால் நின்றுகொண்டார். அவருடைய சொந்த மச்சானே கத்தினார். “நம்மட மையத்துகளை முதல்ல பாருங்க மச்சான். பாதி உயரத்துல போட்டா ரெண்டும் போயிரும்!”

“போனா ரெண்டும் போகட்டும். ஒண்டைக் குடுத்து ஒண்டைக் காப்பாத்தின பாவம் எனக்கு வேணாம். வேலிக்கு இந்தப் பக்கம் செய்யிற நன்மையை மட்டும் எழுதுற மலக்கு ஆரும் இரிக்காரா? இரிந்தா செல்லுங்க, நான் விலகுறன்.”

நன்மை தீமைகளை எழுதும் வானவரைத்தான் மலக்கு என்றார். லொறி எங்கள் பக்கம் வந்தது. அன்றிலிருந்து மச்சான் அவரோடு பேசவில்லை. அவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரத்தில் எங்கள் இளைஞர்கள் கல் அடுக்கினார்கள். எங்கள் அம்மன் கோயில் சடங்கின்போது அவர்கள் அடுக்கினார்கள். எல்லாம் முடிந்தபின் நான் நன்றி சொல்லப் போனேன். “நன்றியெல்லாம் வேணாம் தம்பி. நான் பேராசைக்காரன். கூலி வேற இடத்துல கேட்டிரிக்கன்” என்று சிரித்தார்.

மச்சான் சொன்னது தவறென்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கற்கள் இப்போது மணலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. பெரிய அலைகள் மேலால் ஏறி வருகின்றன. மற்றப் பக்கத்துக்குத்தான் கல் கூடப் போனது என்று இரண்டு ஊரிலும் முணுமுணுக்கிறார்கள். ஹாஜியார் இருந்தவரை அதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. இனிச் சொல்வார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசியாக அவரைப் பார்த்தபோது கட்டிலில் இருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, வாய் மட்டும் குறையவில்லை.

“மையத்துக்குப் பின்னால குடும்பமும் சொத்தும் அமலும், அதான் செஞ்ச நன்மை தீமையும், போகும். மத்த ரெண்டும் திரும்பி வந்திரும், செஞ்ச அமல் மட்டும்தான் கூட நிக்கும் எண்டு எங்கட மார்க்கத்துல இரிக்கி. எனக்கிட்ட வேற என்ன இரிக்கி தம்பி? அந்தக் கல்லுத்தான். கிழக்கு வரிசையில, வேலியோரமா என்னை வைக்கச் செல்லியிரிக்கன்.”

“என்ன கதை இது ஹாஜியார்? அங்க வைச்சா கடல் உங்களைத்தானே முதல்ல எடுக்கும்?”

“ஓம். அதுக்குத்தான். நான் அங்க கிடந்தா இவனுகளுக்கு நித்திரை வராது.”

பின்னேர அஸர் தொழுகைக்குப் பின் அடக்கினார்கள். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். குழி ஆழமாகும்போது அடியில் தண்ணீர் ஊறியது. ஒருவர் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பு” என்றார். மேற்கே தள்ளி வேறு குழி வெட்டலாம் என்று பலரும் சொன்னார்கள். மகன் றிஸ்வான் மட்டும், “வாப்பா செல்லின இடம் இது” என்று அசையாமல் நின்றான். அப்போது, அவ்வளவு காலமும் பேசாதிருந்த அந்த மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். தண்ணீரை வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். ஊற்ற ஊற்ற அது ஊறிக்கொண்டே இருந்தது. உலர்ந்த மணலை நிறையப் போட்டு, அதன் மேல்தான் அவரை வைத்தார்கள். வீட்டுக்குப் போன பிறகும் என் காதில் அந்த வாளிச் சத்தம் ஓயவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆறுதல் அல்ல. எங்களுடையவர்களுக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தவன் நான். அந்தப் பயத்தை வேலிக்கு அப்பாலும் நீட்டிவிட்டுப் போய்விட்டார் மனிதர். அதை இனி இறக்கி வைக்க முடியும் என்று தோன்றவில்லை.

இன்று காலை வேலியின் கடைசித் தூண் தண்ணீருக்குள் நின்றது. அம்மாவின் கல்லுக்கும் ஹாஜியாரின் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கட்டைக்கும் இடையில் நுரை வந்து வந்து போனது. அங்கே நின்றபடியே றிஸ்வானுக்கு அழைத்தேன். எங்கள் ஊரார் எங்கள் மயானத்துக்கென்று புதிதாக வாங்கி வைத்திருக்கும் கல்லை இன்றைக்கே இறக்க வேண்டும், கடை லொறியை அனுப்பு என்றேன்.

“அனுப்புறன் அண்ணன். எந்தப் பக்கத்தால தொடங்குற?”

“உங்கட வாப்பாட பக்கத்தால” என்றேன்.