பல்லி வாங்கிய கேமரா

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி விரிசல் தேடுவது அவன் பிழைப்பு. சுவரோடு ஒட்டியே கிடப்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பல்லி. அந்தப் பல்லியும் போன வருடம் விழுந்தது. முட்டி ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் இனி ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கீழ நின்னே விரிசலக் காட்டுனா வேலை இருக்கு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்," என்றார் முதலாளி.

"எங்க குடோன் சாவிய வச்சிக்கிட்டு ஜம்முன்னு உக்காருங்க மாப்பிள்ளை," என்றார் மனைவியின் அண்ணன். மனைவிக்கும் அதுதான் ஆசை. பல்லிக்குக் கேட்டதுமே பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு நல்லா இருக்கறப்ப நான் எதுக்குப் பூட்டக் காவல் காக்கணும்?" என்று கேமரா கடைக்குக் கிளம்பினான். காசைக் கரியாக்கிவிடுவானோ என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளும் கூடப் போனாள்.

"நூறு மடங்கு ஜூம் சார், விலையும் கம்மி," என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார். கடைக்குள் எதைப் பிடித்தாலும் அழகாகத்தான் விழுந்தது. நாலடி தூரத்தில் எது விழாது? பல்லி விந்தி விந்தி வாசலுக்கு வந்து, எதிர்க் கட்டடத்தின் உச்சி மாடியைப் பிடித்தான். விரிசல் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கலங்கிக் கூழாகத் தெரிந்தது. லென்ஸ் கால்வாசி தூரம்தான் போயிருந்தது. மீதியைப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி ஒப்பேற்றியிருந்தார்கள்.

அடுத்தடுத்து வந்தவையும் தேறவில்லை. "போதும், வாங்க," என்றாள் மனைவி. அவன் நகர்வதாயில்லை. கடைக்காரர் பெருமூச்சு விட்டு, அடித்தட்டிலிருந்து பழைய மாடல் ஒன்றை எடுத்தார். லென்ஸே அறுபது மடங்கு போகும். முழுக்க நீட்டியதும் திரையில் கட்டடம் கிடந்து ஆடியது.

"இங்க வா. கொஞ்சம் தோளக் குடு. மூச்சு விடாத."

"நல்லா இருக்கு கூத்து," என்று முணுமுணுத்தபடியே நின்றாள். ஆட்டம் அடங்கியது. ஜன்னல் மூலையிலிருந்து இறங்கும் மயிரிழை விரிசல் பளிச்சென்று விழுந்தது. பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. "பாரு, பாரு!" என்று திரையை அவளிடம் நீட்டினான்.

அவள் கண் விரிசலுக்குப் போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு விளிம்பு இருந்தது. அதில் புறா எச்சம்.

"இந்தக் கட்டடத்துல நீங்க தொங்கியிருக்கீங்களா?"

"எத்தனையோ தடவ."

"கால எங்க வப்பீங்க?"

விளிம்பைக் காட்டினான்.

"இதுலயா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் காலையில் போவதையும் சாயங்காலம் வருவதையும்தான் பார்த்திருக்கிறாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரிடம் திரும்பினாள்.

"இதையே குடுங்க. இனிமே இது ஏறட்டும்."

பிறகு அவனிடம், "அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றாள்.