ஐப்பசி மழையும் நான்கு டயர்களும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் காஞ்சிபுரத்தில் கால்நடை மருத்துவராக இருந்தேன். ஊர் மொழியில் சொன்னால் மாட்டு டாக்டர். அப்போது என்னிடம் ஒரு சின்ன கார் இருந்தது. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர், பெரிய கார் வாங்கிய சந்தோஷத்தில் கழித்துவிட்ட வண்டி அது. அவருக்கு முன்பும் யாரோ ஓட்டித் தீர்த்தது. இரண்டே கதவு. பின்சீட்டில் உட்காருபவர் முழங்காலைக் கிட்டத்தட்ட மோவாயில் முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மருந்துப் பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிராமம் கிராமமாக நனைந்து போய்வந்த எனக்கு அது ராஜ வாகனம்.

வாங்கும்போது எஞ்சினைப் பார்த்தேன், பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், ஹாரனைக்கூட அடித்துப் பார்த்தேன். டயரைப் பார்க்கவில்லை. டயர் வட்டமாக இருந்தது, அதில் காற்று இருந்தது. வேறென்ன பார்க்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பசுமாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அதற்குப் பதில் கிடைத்தது. பெரிய மழைகூட இல்லை, தூறல்தான். ஏரிக்கரையிலிருந்து இறங்கும் களிமண் பாதையில் நான் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்ப, வண்டி நிதானமாக இன்னொரு பக்கம் போய், வாய்க்காலில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வயலில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். என்னை உள்ளே வைத்தபடியே வண்டியைத் தூக்கி மேலே வைத்தார்கள். அவ்வளவு சின்ன வண்டி. அவர்களில் ஒருவர் பின்சக்கரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா டாக்டரே, டயர்ல பட்டன் சுத்தமா தேஞ்சிபூட்டுதே? வழவழன்னு கீது. வண்டிக்கு லாடம் கட்டிக்கினு வாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீடு வந்து சேரும்வரை உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தால் அடைமழை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் முக்கால்வாசிக்குத் தார் ரோடு கிடையாது. மாடு கன்று போட முடியாமல் தவிக்கும்போது ரோடு காய்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்ல முடியாது. ஆகவே, மழைக்கு முன்னால் டயர் வாங்க வேண்டும். என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் வாங்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதில் என் குடும்பம் முழுக்கத் தலையிடும் என்று எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டு அருகில் இருந்த டயர் கடைக்காரர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "சார், இந்த சைஸு இங்க வர்றதில்ல. டாக்ஸிக்காரங்களுக்கு ஓடற சைஸுதான் நாங்க வாங்கி வெக்கறது. இது பொம்ம வண்டி சைஸு" என்றார். அந்த நாட்களில் பெரிய டயரே கேட்ட உடனே கிடைக்காது. என் சைஸ் வேண்டுமென்றால் மூன்று வழிகள் இருப்பதாகச் சொன்னார். புது டயருக்குச் சென்னையில் சொல்லி வைத்துக் காத்திருக்கலாம். யாராவது கழற்றிப்போட்ட பழையதைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கிற ரீட்ரெட் டயர் வாங்கலாம், விலை மலிவு. "ஒட்டினது ஒட்டினதுதான் சார். அவசரத்துக்கு ஓகே" என்றும் சொன்னார்.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான்கு புதிய டயர் வாங்க என்னால் முடியாது. இரண்டு வாங்கலாம். என் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரங்கள். அந்த இரண்டுக்கும் ஆழமான பட்டன் உள்ள புது டயர் போட்டுவிட்டால் சேற்றில் ஏறிவிடும். முன்பக்கத்துக்குப் பழையதில் சுமாரானவை போதும். சென்னையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்லி ஒரு கடையில் முன்பணம் கட்டி வைத்தேன். இந்தத் திட்டத்தைப் பெருமையாக வீட்டில் சொன்னேன். அதுதான் தப்பு. என் மனைவி தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

என் மைத்துனர் பட்டுச்சேலை வியாபாரி. நல்ல மனிதர், தாராளமானவர். உலகத்தில் தனக்குத் தெரியாத பொருள் எதுவும் இல்லை என்று உறுதியாக நம்பியவர். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் நின்ற வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சேலையில் ஜரிகையை உரசிப் பார்க்கிற மாதிரி டயரை நகத்தால் சுரண்டினார்.

"ரெண்டு டயர் புதுசு, ரெண்டு பழசா? இன்னா மாப்ளே, இது மேட்சே ஆவாதே! முந்தி ஒரு கலரு, உடல் ஒரு கலருன்னா பரவால்ல. காருக்கு நாலும் ஒரே மாதிரி இருக்கணும்."

"மச்சான், இது சேத்துல ஓடணும். அழகுக்கு இல்ல."

"சேத்துலயும் ஓடட்டும். கல்யாணத்துலயும் ஓடணும் இல்ல?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஐப்பசிக் கடைசியில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் 'குடும்பத்துக் கார்' வருகிறது என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டாராம். வாடகைக் கார் எடுத்தால் கௌரவம் போய்விடுமாம். அந்தக் குடும்பத்துக் கார் என்னுடையது என்பதை என்னிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தேன். என் மனைவி திடீரென்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். காப்பி எப்போதோ போட்டாகிவிட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவர் போனதும் கேட்டேன்.

"தெரியும்ங்க. நீங்க நல்ல மூட்ல இருக்கறப்போ சொல்லலாம்னு இருந்தேன்."

"எப்ப?"

"அதான், டயர் போட்டப்புறம்."

ஐப்பசி முதல் வாரத்தில் மாடுகளுக்குக் கோமாரி பரவ, ஊசி போடுவதற்காக என்னைப் பாலாற்றுக்கு அக்கரைக் கிராமங்களுக்கு ஜீப்பில் அனுப்பிவிட்டார்கள். சரியாக அந்த நேரத்தில் சென்னை நண்பர் எங்கள் மாட்டு ஆஸ்பத்திரிக்கு ட்ரங்க் கால் போட்டிருக்கிறார்: டயர் வந்துவிட்டது, உடனே வந்து எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குச் செய்தி போயிற்று. வீட்டிலிருந்து அண்ணனுக்குப் போயிற்று. "மாப்ளே ஊர்ல இல்லன்னா இன்னா, நான் இருக்கேன்ல?" என்று அவர் பஸ் ஏறிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது கூடத்தில் நான்கு டயர்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம். என் மனைவி ஒன்றுக்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்திருந்தாள். ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டுக்கு முன்பணம் கட்டினால் நான்கு எப்படி வரும்? கிட்டப் போய் விரலை வைத்ததும் புரிந்தது. பக்கவாட்டு ரப்பரில் பொடிப்பொடியாக வெடிப்பு. அதன்மேல் புதிதாக ஒட்டிய பட்டன். ரீட்ரெட்.

மைத்துனர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "அந்தக் கடைக்காரன் ரெண்டு டயரை எடுத்து வெச்சான். நான் வெலயக் கேட்டேன். சிரிப்பு வந்திச்சு. பக்கத்துக் கடையில அதே காசுக்கு நாலு தரேன்னான். வெள்ள வளையம் அவனே ப்ரீயா அடிச்சுக் குடுத்தான். பஸ்ஸு மேல போட்டு எடுத்துக்கினு வந்துட்டேன். எப்பிடி?"

"மச்சான், அந்தப் புது டயர்?"

"அதுவா? அதை அங்கியே ஒருத்தர் வாங்கிக்கினாரு. முன்பணத்தைத் திருப்பி வாங்கிட்டேன்ல. பைசா குறையல."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவரோ பஸ்ஸில் நின்றுகொண்டே போய், வெயிலில் கடை கடையாக அலைந்து, சுமைகூலி கொடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். அந்தச் சந்தோஷமான முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? "காப்பி சாப்ட்டுட்டுப் போங்க" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சிரமப்பட்டு நான் வேறு எந்த வாக்கியத்தையும் சொன்னதில்லை. அவர் போன பிறகு மனைவியிடம் கத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். வேறு வழியும் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

போட்டேன். அடுத்த எரிச்சல் என்னவென்றால், அந்த டயர்கள் நன்றாக ஓடின. களிமண்ணில் கவ்விப் பிடித்தன. ஏனாத்தூர் இறக்கத்தில் வண்டி வழுக்காமல் இறங்கியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மைத்துனர் வந்து, "எப்பிடி ஓடுது?" என்று கேட்பார். "ஓடுது" என்பேன். "நல்லா ஓடுதுன்னு சொல்லுங்களேன், வாய் வலிக்குமா?" என்பார். போகிறபோது தெருவில் எதிர்ப்படுகிறவரிடமெல்லாம் டயர் வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொண்டு போவார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வாலாஜாபாத் தாண்டி ஒரு கிராமத்தில் எருமைக்குப் பிரசவம். கன்றின் தலை மடங்கிக் கிடந்தது. எடுத்து முடிக்கவே மதியம் ஆகிவிட்டது. தாயும் கன்றும் பிழைத்தன. மாலையில் மாப்பிள்ளை அழைப்பு இருந்ததால் திரும்பும்போது தார் ரோட்டில் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன். மண்டபத்து வாசலில் மைத்துனர் ஆட்களோடு காத்திருந்தார். வண்டியைக் கழுவினார்கள். வெள்ளை வளையம் மங்கியிருக்கிறது என்று சுண்ணாம்பைக் குழைத்து மறுபடியும் அடித்தார்கள். மேலே பூச்சரம். டயரைக் குனிந்து பார்க்க என்னை யாரும் விடவில்லை. "நீங்க போயி சட்டய மாத்திக்கினு வாங்க மாப்ளே, எரும வாசன வருது" என்றார் மைத்துனர்.

கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டபோது தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் பையன், நல்ல வாட்டசாட்டம். பின்சீட்டில் மாலையோடு அவரை மடித்துத்தான் உட்கார வைத்தோம். முன்னால் நாதஸ்வரம், தவில். நான் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். ராஜ வீதியில் திரும்பியதும் பின்னாலிருந்து பட், பட் என்று ஒரு சத்தம். வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடியது. தவில்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். யாரோ தாளம் தவறித் தட்டுகிறார்கள் என்று நினைத்தாராம். பிறகு மட்கார்டில் ஏதோ அறைந்த மாதிரி ஒரு பெரிய சத்தம். தொடர்ந்து புஸ்ஸென்று காற்று போனது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

இறங்கிப் பார்த்தேன். பின்பக்கத்து டயரின் பட்டன் முழுப் பட்டையாக உரிந்து, தறியில் அறுந்த பாவு நூல் மாதிரி ரோட்டில் நீளமாகக் கிடந்தது. தூறல் சரியாக அந்த நேரம் பார்த்துக் கொட்டும் மழையாயிற்று.

ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கியும் இருந்தது. ஆனால் மைத்துனர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பையன் எறங்கக் கூடாது! மண்டபத்து வாசல்லதான் எறங்கணும். ஆரத்தி எடுக்காம கால் தரையில படக் கூடாது!"

"மச்சான், ஆள் உள்ள இருந்தா ஜாக்கி தூக்காது."

"தூக்கும், தூக்கும். ஏனாத்தூர்ல உங்களை வெச்சே தூக்கலயா?"

மழையில் குந்தி ஜாக்கியைத் திருகினேன். வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் ரோட்டோரச் சேற்றுக்குள் இறங்கியது. செங்கல் வைத்துத் திருகினேன். செங்கல் உடைந்தது. சக்கரத்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து என் புதுச் சட்டையின் கையில் ஒழுகியது. என் மனைவி பெண்கள் கூட்டத்திலிருந்து வந்து அண்ணன் காதில் ஏதோ சொன்னாள். "நீ சும்மா இரும்மா" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். ராஜ வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி, "இந்த டயரை நான் கேட்டனா? உங்களை யாரு மெட்ராஸ் போவச் சொன்னது?" என்று கத்தினேன். நாதஸ்வரம் நின்றுவிட்டது. அவர் முகம் சுருங்கிப்போனது. கதவிலிருந்து கை மட்டும் தானாக விலகியது.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை, "மாமா, கொஞ்சம் வழி விடுங்க. கால் மரத்துப்போச்சு" என்றார். முன்சீட்டையும் கதவையும் தள்ளி, மாலையைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். யாரிடமிருந்தோ ஒரு குடையை வாங்கினார். "மண்டபம் இதோ தெரியுது. நடந்தே போயிடலாம். மேளத்த வாசிக்கச் சொல்லுங்க" என்று தவிலுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். பெண்கள் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். கடை வாசல்களில் ஒதுங்கி நின்றவர்கள் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். ஊர்வலம் என்னையும் மைத்துனரையும் விட்டுவிட்டுப் போய்விட்டது.

நாங்கள் இருவரும் சக்கரத்தை மாற்றினோம். அவர் நட்டைக் கழற்ற, நான் ஸ்டெப்னியை உருட்டி வந்தேன். ஆள் இறங்கியதும் ஜாக்கி ஒழுங்காகத் தூக்கியது. கடைசி நட்டை முறுக்கும்போது, "சம்பந்தி கோவிச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் அவ்வளவு பயத்தை நான் கேட்டதில்லை. "இல்ல மச்சான், பையன் நல்ல பையன்" என்றேன். அது உண்மை. கத்தியதற்காக எனக்கு வருத்தமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மூன்றாம் நாளே மைத்துனர், எங்கள் மாப்பிள்ளை கௌரவம் பார்க்காதவர், மழையிலும் நடந்தே வந்தார் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தக் கதையில் டயர் வரவே வராது.

நான் அந்த வாரமே லீவு போட்டுவிட்டு நானே சென்னைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும்கூட. கடைக்காரர் விலையை ஏற்றிச் சொன்னார். பேரம் பேசாமல் இரண்டு புது டயர் வாங்கி, பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்து பின்சக்கரங்களில் மாட்டினேன். கார்த்திகை மழையில் எந்த ஏரிக்கரையிலும் வண்டி என்னைக் கைவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்து, வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து புது டயரின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"நல்ல சரக்கு. இதையே மொதல்ல வாங்கியிருக்கலாமே மாப்ளே?"

என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு, கத்திவிடாதீர்கள் என்பதுபோல என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். அவர் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த ஊரு? சும்மாதான் இருக்கேன், நானும் வரேன்" என்றார்.