முன்னங்காலுக்கு நழுவிய நம்பர்

அந்த நாய் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் நம்பரக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். புது வீட்டுக்குப் போகிற எந்த நாய்க்குட்டியும் அவள் கைக்கு வராமல் வாசலைத் தாண்டியது கிடையாது. குட்டியின் தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில், ஓர் அரிசி அளவுக்கு, நம்பர் பதித்த சிப் போடுவார்கள். ஊசி போடுவது டாக்டர். மற்றதெல்லாம் அவள்தான். குட்டி நெளியாமல் பிடித்துக்கொள்வாள். ஊசி வெளியே வந்ததும், போட்ட சிப் அதே ஓட்டை வழியாக வெளியே வந்துவிடாதபடி கட்டைவிரலால் அழுத்திக்கொள்வாள். பிறகு ஸ்கேனரை வைத்து நம்பரைப் படித்து, வாங்க வந்தவரின் பெயரும் போன் நம்பரும் கம்ப்யூட்டரில் அதற்கு நேராக ஏறிவிட்டதா என்று பார்ப்பாள். ஏறவில்லையா, தலைகீழாக நின்றாலும் குட்டி கிடைக்காது.

"நாளைக்கு வந்து பதிஞ்சுக்கிறேம்மா. குழந்தை கார்ல அழுதுட்டிருக்கு" என்று ஒருவர் கெஞ்சிப் பார்த்தார்.

"அழட்டும் சார். உங்க குழந்தைக்கு அட்ரஸ் சொல்லத் தெரியும். இதுக்குத் தெரியுமா?"

அவர் உட்கார்ந்து பதிந்துவிட்டுத்தான் போனார். போகும்போது அவளைப் பார்த்து முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும், முறைப்பதற்கெல்லாம் அசைகிற ஆளா அவள்?

இந்தப் பிடிவாதம் வானத்திலிருந்து குதித்து வந்ததில்லை. சிப் வருவதற்கு முன்னால், ஒரே அச்சில் வார்த்ததுபோல ஏழு மஞ்சள் குட்டிகள் ஒரு தடவை வந்தன. எது யாருக்கு என்று குழம்பாமல் இருக்க, மகளின் நகப்பூச்சுக் குப்பிகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு குட்டியின் நகத்திலும் ஒரு நிறம் பூசினாள். என்னே என் மூளை என்று அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், தாய் நாய் அத்தனை நகத்தையும் நக்கித் துடைத்து வைத்திருந்தது. கூடத்தில் இரண்டு குடும்பங்கள் ஒரே குட்டியைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் நேத்து எங்களைப் பாத்துச் சிரிச்சது" என்று குடுமிப்பிடிச் சண்டை போட்டன. அதில் ஒரு குட்டிக்கு இதயத்தில் கோளாறு. அது எது என்று கண்டுபிடிக்க டாக்டர் ஏழு நெஞ்சிலும் மறுபடி குழாய் வைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை. சிப் வந்த அன்றைக்கு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டவள்தான், விடவேயில்லை.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் கோட்டை விட்டாள்.

காலையில் ஆஸ்பத்திரியைத் திறக்கப் போனபோது, கேட்டில் ஒரு பழுப்பு நாய் கட்டியிருந்தது. கட்டியிருந்தது துணி காயப்போடும் கயிற்றால். நல்ல சாதி நாய், நிறைமாத வயிறு, தரையில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. கட்டிவிட்டுப் போனவன் கையில் கிடைத்தால் அதே கயிற்றால் அவனைக் கட்டியிருப்பாள். உள்ளே கூட்டிப் போய், கழுத்திலும் தோளிலும் ஸ்கேனரை ஓட்டினாள். சத்தம் வரவில்லை.

"சிப் இல்ல டாக்டர்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

சிப் சில நாய்களுக்கு இருந்த இடத்தில் இருக்காது. தோலுக்கடியிலேயே மெல்ல நழுவி நெஞ்சுக்கு வரும், முன்னங்காலுக்கு வரும். அதனால் உடம்பு முழுக்க, கால்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தொண்டைத் தண்ணீர் வற்ற வற்றச் சொல்பவளே அவள்தான். அன்றைக்கு அவள் ஓட்டவில்லை. கூட்டம், அவசரம் என்று பிறகு சொன்னாள். கூட்டமும் இல்லை, அவசரமும் இல்லை. கட்டிப் போட்டுவிட்டுப் போனவனின் பெயர் கிடைத்துத் தொலைக்கக் கூடாதே என்று இருந்தது அவளுக்கு, அவ்வளவுதான்.

யாரும் தேடி வரவில்லை. நாயை வீட்டுக்கே கூட்டிப் போனாள். அவள் கணவர் பஸ் டிரைவர், நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு அமைதியைத் தேடி வருகிறவர். வாசலில் நின்ற நாயையும் அதன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு டிக்கெட்னு சொல்லி ஏத்திட்டு, உள்ள ஒரு குடும்பத்தையே வச்சிருக்கியே?"

"இறக்கி விடச் சொல்றீங்களா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? எங்க உக்காரும்னுதான் கேட்டேன்."

அது அவருடைய யூனிஃபார்ம் மேல் உட்கார்ந்தது. தடிச்சி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பத்து நாளில் தடிச்சி அந்த வீட்டில் ஒருத்தியாகிவிட்டாள். சோபாவில் இடம் கேட்டு முட்டுவாள், கொடுக்கவில்லை என்றால் பெருமூச்சு விடுவாள். நம்பரக்கா குளித்துவிட்டு வரும்வரை குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். இத்தனை வருஷம் ஊரார் நாய்களைத் தூக்கித் தூக்கி வைத்தவளுக்குச் சொந்தமாக ஒன்று இருந்ததேயில்லை. இப்போது இருந்தது. அதில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு மத்தியானம் தடிச்சிக்கு வலி கண்டது. முக்கினாள், முனகினாள், குட்டி வரவில்லை. டிரைவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, பின்னால் செருப்பில்லாமல் நம்பரக்கா ஓடினாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர், "முதல் குட்டி குறுக்க மாட்டிருக்குக்கா. ஆபரேஷன்தான்" என்றார். கத்தி எடுக்கும் முன் எந்தப் பிராணியையும் முழுசாக ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுவது டாக்டரின் வழக்கம். தோள், நெஞ்சு, இடது முன்னங்கால். முட்டிக்கு அருகில் ஸ்கேனர் கீச்சென்றது.

நம்பரக்கா நம்பரைத் தட்டித் திரையைப் பார்த்தாள். அவளுடைய தடிச்சிக்கு வேறொருவர் பெயரில் நம்பர் இருக்கிறது!

"பதிஞ்சிருக்கிறவர் சம்மதம் இல்லாம நான் தொட முடியாதுக்கா" என்றார் டாக்டர். "போன் போடுங்க, சீக்கிரம்."

போனை ஸ்பீக்கரில் வைத்தாள். பட்டுப்போன்ற ஓர் ஆண் குரல் எடுத்தது.

"நாயா? எங்ககிட்ட நாயே இல்லையே. ராங் நம்பர்."

"சார், உங்க பேரு, உங்க போன் நம்பர் எல்லாம் இருக்கு. பிரசவத்துல மாட்டிக்கிச்சு. ஆபரேஷன் பண்ணலேன்னா செத்துரும்."

"சாகட்டும். அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார், அது அச்சில் ஏற்றும் வார்த்தை இல்லை. நம்பரக்காவுக்கு வந்த கோபத்தில் போனையே கடித்துத் துப்பியிருப்பாள். ஆனால் மேஜைமேல் தடிச்சி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, குரலில் தேனைத் தடவிக்கொண்டு பேசினாள்.

"உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வேணாம் சார். நாயை என் பேருக்கு மாத்திக்கிறேன். இப்ப ஒரு மெசேஜ் வரும், சம்மதம்னு அழுத்துங்க. அப்புறம் உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க."

"சத்தியமா கூப்பிட மாட்டீங்கல்ல?"

"சத்தியமா."

அழுத்திவிட்டார். அவர் பெயர் போய், திரையில் அவள் பெயர் வந்து நின்றது. சம்மதக் கையெழுத்தை அவளே போட்டாள். ஐந்து குட்டிகள், ஐந்தும் உயிரோடு. மயக்கம் தெளிந்த தடிச்சி குட்டிகளை முகர்ந்துவிட்டு நம்பரக்காவின் உள்ளங்கையையும் ஒருமுறை நக்கினாள். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

குட்டிகள் பால் மறந்து, குடுகுடுவென்று ஓடி, டிரைவரின் ஷூ நாடாக்களைத் தின்று தீர்த்தன. அவற்றுக்கு வீடு தேடி ஆஸ்பத்திரி வாசலில் தாயும் குட்டிகளும் இருக்கிற படத்தை ஒட்டினார்கள். ஐந்துக்கும் ஆள் கிடைத்து, சிப் போடும் நாளும் வந்தது. கூடம் நிறைய ஜனம். தடிச்சியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு மேஜைப் பக்கம் நின்றாள் நம்பரக்கா. கணவர் லீவு போட்டுவிட்டுக் குட்டிக் கூடையோடு வந்திருந்தார். முதல் குட்டிக்கு ஊசி போட்டு முடிக்கவும், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. தேய்த்த சட்டை, கையில் புதுக் கூண்டு.

"அது என்னோட நாய். படத்தைப் பாத்தேன். அஞ்சு குட்டியாமே!"

அதே பட்டுக் குரல். அவளுக்குக் காதுமடல் சூடேறியது.

"வேலைக்காரன் கேட்டைத் திறந்து விட்டுட்டான்மா. தேடாத இடமில்ல" என்றார் அவர்.

"போன்ல பேசினதும் வேலைக்காரன்தானா சார்?"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சமாளித்துக்கொண்டார்.

"வண்டி ஓட்டிட்டிருந்தேன், ஏதோ பதட்டத்துல அழுத்திட்டேன். நீங்க பாத்துக்கிட்டதுக்கு நன்றி. ஒரு குட்டியை நீங்களே வச்சுக்குங்க. தாயும் மீதி நாலும் என்கூட வரட்டும்."

"முடியாது."

அவர் அவளோடு மேலே பேசவில்லை. குனிந்து, கையை நீட்டி, "பிரின்சஸ்!" என்றார்.

தடிச்சி துள்ளினாள். உடம்பு முழுக்க வாலாகிவிட்டதுபோல ஆடினாள். சங்கிலியை இழுத்துக்கொண்டு அவர் காலடியில் போய் விழுந்து, மல்லாந்து, ஆபரேஷன் தழும்பு தெரிய வயிற்றைக் காட்டி, குழந்தைபோலக் கேவினாள். நம்பரக்கா வீட்டில் ஒரு நாளும் அவள் இப்படிக் குதித்ததில்லை.

கூடம் அப்படியே கட்சி மாறியது. பூனைக் கூடையோடு இருந்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அதுக்குத் தன் வீட்டுக்குப் போகணும்னு எவ்வளவு ஆசை" என்றார். டிரைவர்கூட நம்பரக்காவின் தோளைத் தொட்டார்.

"விடும்மா. அதுக்கே பிடிச்சிருக்கு."

அதுதான் அவளைக் குத்தியது. ஊரார் சொன்னால் துடைத்துப் போட்டுவிடலாம். அவள் டாக்டரைப் பார்த்தாள், முடியாது என்று அவராவது சொல்லிவிட மாட்டாரா என்று.

"சட்டப்படி உங்க நாய்க்கா" என்றார் டாக்டர். "குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

இத்தனை வருஷம் நம்பரைக் காட்டியே எல்லோர் வாயையும் அடைத்தவள் அவள். இப்போது நம்பர் அவள் பக்கம்தான் இருந்தது, ஆனால் அதைக் காட்டி யார் வாயையும் அடைக்க முடியவில்லை. முடியாது என்பதை அவளே, அவள் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.

"நம்பர் கிம்பர் எல்லாம் எதுக்கும்மா?" கூண்டோடு வந்தவர் சிரித்தார். "நாயே சொல்லுதே, யாரு வேணும்னு!"

"ஆமா சார், சொல்லுது. எனக்கும் கேக்குது" என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்லுது. நிறைமாசத்துல கேட்ல கட்டிட்டுப் போனதை மன்னிச்சிருச்சு. 'சாகட்டும்'னு நீங்க சொன்னது அதுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும், என் காதால கேட்டேன். அது மன்னிச்சிட்டுப் போகட்டும். நான் மன்னிக்கல. தர மாட்டேன்."

பூனைக்கார அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்!"

"பண்ணுங்க. அதுக்கு நாய் நம்பர் வேணுமே, எழுதிக்கிறீங்களா?" என்று ஸ்கேனரைத் தடிச்சியின் முன்னங்காலில் வைத்தாள். கீச்சென்றது. ஒவ்வோர் எண்ணாக, பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் சொல்வதுபோல, கூடத்தின் கடைசி நாற்காலிவரை கேட்கப் படித்தாள். அவர் எழுதவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு, "திமிர் பிடிச்ச பொம்பளை" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

ஆமாம், திமிர்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

கதவு மூடியதும் தடிச்சி அலறினாள். அவர் பின்னாலேயே போகப் பாய்ந்தாள். நம்பரக்கா சங்கிலியை விட்டுவிட்டு, மண்டிபோட்டு, கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். தடிச்சி திமிறினாள், கண்ணாடியைப் பிறாண்டினாள், பிறகு திரும்பி அவள் மணிக்கட்டைக் கவ்வினாள். விளையாட்டுக் கடி இல்லை, பல் இறங்கி ரத்தம் வந்தது.

"அக்கா, கையை எடுங்க!" என்று டாக்டர் கத்தினார்.

"எடுக்க மாட்டேன். கடிக்கட்டும்."

"அடியே, ரத்தம் கொட்டுதுடி!" டிரைவர் ஓடிவந்தார்.

"கொட்டட்டும். கதவைப் பிடிங்க நீங்க."

அவர் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றார். வெளியே கார் கிளம்பி, வளைந்து, சத்தம் தேய்ந்து போனது. தடிச்சி கடியை விட்டாள். நம்பரக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கதவுப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டு அழுதாள். அவளும் அழுதாள், முகத்தை மறைக்காமல், அத்தனை பேர் முன்னாலும்.

டாக்டர் கட்டுப் போட்டு முடித்ததும் எழுந்தாள். அடிபடாத கையால் ஸ்கேனரை எடுத்து, கூடத்தைப் பார்த்தாள்.

"அடுத்த குட்டி யாருக்கு? வாங்க முன்னால. பேரு, போன் நம்பர் சொல்லுங்க."